மறதி வீட்டில் ஒரு தேனு

எனக்குக் குழந்தை உண்டாவதற்கு முன்பே அதை எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முழுப் பெயர் பிறகுதான் வந்தது. ஊரில் எல்லோரும் பெயரை வைத்துவிட்டு அதைச் சுருக்குவார்கள். நான் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பெயரைத் தேடினேன். "பட்டன வாங்கிகினு வந்து அதுக்குச் சட்ட தைக்கிற மாதிரி கீதுமே" என்று என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் காரணம் இருந்தது.

காரணம், நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் பட்டப்பெயர்.

எங்கள் ஊர் பழவேற்காட்டுப் பக்கம், ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஊர் முழுக்க நாலைந்து பெயர்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கரையில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. விடிவதற்குள் எழுந்துவிடுகிறவர் மூணுமணி. ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தவர் ஒத்தச்செருப்பு. அது ஒரு ஆளோடு நின்றால் பரவாயில்லை. மகனுக்குப் போகும், மருமகளுக்குப் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும். கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடிப்பார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான்.

நான் வந்த வீடு மறதி வீடு.

என் மாமனார் இருபத்திரண்டு வயதில், விடியற்காலையில், தன் பெரியப்பா மகனோடு கட்டுமரம் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனார். வலையை அண்ணன் ஏற்றியிருப்பார் என்று இவர் நினைத்தார். தம்பி ஏற்றியிருப்பான் என்று அவர் நினைத்தார். இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டு, மீன் கூட்டம் மேய்கிற இடத்துக்குப் போய், வலையை இறக்கலாம் என்று திரும்பிப் பார்த்தால் மரத்தில் வலை இல்லை. அது கரையில் மணல்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கானாங்கத்தை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. மற்ற மரங்களெல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்ந்து வர, இவர்கள் இருவரும் வெறும் கையோடு வந்தார்கள். கரையே கூடி நின்று சிரித்தது. அண்ணன்காரர் பெண் எடுத்த ஊரோடு போய்விட்டார். பெயர் இவர்மேல் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு எனக்குத் தெரியாது. நான் சுண்ணாம்புக்குளத்துப் பெண். தாலி கட்டி ஊருக்குள் நுழைகிறேன், அம்மன் கோயில் பக்கத்து மைக்கில் குரல் வருகிறது: "மறதி வீட்டு மருமவ வந்துட்டாங்க, ஆரத்தி எடுக்கிறவங்க சீக்கிரம் வாங்க." யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் குனிந்து, "உன்னத்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுப்பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன். அப்படி அடக்கிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

பட்டப்பெயரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பிறந்த ஊரில் என்னைப் பட்டாசு என்பார்கள். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. என் கணவர் அதைச் சொல்லித்தான் மடக்குவார். "உனுக்கு வச்சா பெரும, எங்களுக்கு வச்சா குத்தமா?" என்பார். ஆனால் பட்டாசு என்றால் பயந்து நாலடி தள்ளி நிற்பார்கள். மறதி என்றால் அப்படியா? நெருங்கி வந்து தலையில் தட்டுவார்கள்.

என் கணவர் தலையில் நிறையப் பேர் தட்டியிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் வீட்டுப்பாட நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாராம். எந்தப் பிள்ளையும் செய்கிற காரியம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் "மறதி" என்று கத்த, வாத்தியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. எந்த மாதத்தில் எந்தத் தண்ணீரில் எந்த மீன் ஏறும், எந்த இடத்தில் அடியில் பாறை வலையைக் கிழிக்கும், பத்து வருடத்துக்கு முன்பு முகத்துவாரம் எந்தப் பக்கம் அடைத்தது என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிற மனிதர் அவர். ஊரில் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு, "சரி வரட்டா மறதி" என்று போவார்கள்.

"பழகிப் போச்சு, வுடுமே" என்பார். அந்தப் பழகிப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளைக்கு இது பழகக் கூடாது என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஊர் அங்கன்வாடியில் வேலை. இருபது பிள்ளைகளின் பெயரை நோட்டிலும் எழுதி, போனிலும் ஏற்றி, தினமும் வருகை போடுகிறேன். நோட்டைப் பார்த்தால் வாயில் நுழையாத பெயர்களாக இருக்கும். சினிமாவிலிருந்து ஒரு பாதி, ஜோசியர் சொன்ன எழுத்திலிருந்து ஒரு பாதி. அந்தப் பெயரை நான் உரக்கப் படித்தால் பிள்ளைகளே திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் பாப்பா என்பார்கள், குட்டி என்பார்கள், அதுவும் எல்லா வீட்டிலும் அதேதான். நாலு வயதில் பிள்ளை தெருவுக்கு வரும்போது கூப்பிட ஒரு பெயர் இருக்காது. அந்தக் காலி இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை நான் நோட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நல்ல கூப்பிடும் பெயர் இருக்கிற பிள்ளைகளிடம் பட்டப்பெயர் சுலபத்தில் ஒட்டுவதில்லை. வாய்க்கு ருசியான ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்றை யார் தேடப்போகிறார்கள்?

ஆகவே முதலில் கூப்பிடும் பெயர். அது வாயில் சட்டென்று வர வேண்டும். கேட்டவர் இன்னொரு முறை சொல்லிப் பார்க்க ஆசைப்பட வேண்டும். கரையிலிருந்து கூப்பிட்டால் படகுவரை போக வேண்டும். முழுப் பெயரை எவர் எப்படி வெட்டினாலும் நான் குறித்த இடத்தில்தான் வெட்டு விழ வேண்டும்.

தேனு.

அது எனக்குள் பத்து வயதிலிருந்து இருந்தது. ஆரம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். கூட்டத்தில் ஒரு அம்மா, "தேனு, ஏறு, தேனு, கம்பியப் பிடி" என்று தன் பெண்ணைக் கத்திக்கொண்டே ஏற்றினாள். எரிச்சலில்தான் கத்தினாள், ஆனால் கேட்பதற்கு அப்படி இல்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற தெலுங்குக்காரம்மா, "தேனெ! தேனெ!" என்று சொல்லிச் சிரித்தாள். அவர்கள் பாஷையிலும் அதுதான் அர்த்தம். கண்டக்டர்கூட, "தேனு, உள்ள போம்மா" என்றார். ஒரு பஸ் முழுக்க அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெண் பிறந்தால் தேன்மொழி. பையன் பிறந்தால் தேனரசு. எது பிறந்தாலும் தேனு. கணவரிடம் சொன்னபோது அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. "எஞ்சின் பக்கத்துலயே குந்திகினு காது பாதி போச்சு. நீ கரையில நின்னு கூப்ட்டா எனுக்குக் கேக்கணுமே" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்றேன்.

அப்போது எனக்கு ஐந்து மாதம். ஒரு சாயங்காலம் அவர் ஃபைபர் படகை ஏரிக்குள் ஓட்டிக்கொண்டு போனார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று பேச்சு. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தேனூ" என்று கத்தினேன். கை தூக்கினார். இன்னும் கொஞ்சம் போனார், கத்தினேன், தூக்கினார். நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரமே கூப்புடுற?" என்றாள் ஒருத்தி. "உள்ள கீறத" என்றேன். அவளும் சேர்ந்து கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். எஞ்சின் இரைச்சலிலும் அவர் கை தூக்கினார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பத்துப் பேர் வாயில் பெயர் ஏறிவிட்டது. நான் நினைத்ததும் அதுதான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். முப்பதாம் நாள் பெயர் வைக்க ஏற்பாடு செய்தோம்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வழக்கப்படி பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அப்பாவின் அப்பா. என் மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் பெரியவர் என்று இருப்பவர் மாமனார் ஒருவர்தான். முதல்நாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு அம்மா, "மறதிகிட்ட கொழந்தயக் குடுத்தா பேர அங்கயே மறந்துட்டு நிப்பாரு, பாத்துக்கோ" என்றாள். குழாயடியே சிரித்தது. நான் இவ்வளவு கஷ்டப்பட்டு ஊர் வாயில் ஏற்றியது, அந்த ஒரு நிமிடத்தில், அந்த ஒரு சிரிப்பில் போய்விடும் என்று தோன்றியது. அவர் மடியில் பிள்ளை இருக்கும். எவனாவது "மறதி" என்று குரல் கொடுப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். என் பெண்ணின் முதல் நாளே அந்தச் சொல்லோடு தொடங்கிவிடும்.

காலையில் மாமனாரிடம் போனேன். புது வேட்டி, புதுச் சட்டை, முதல்நாள்தான் மழித்த முகம். நான் நேராகவே சொன்னேன். "மாமா, பேர எங்க அண்ணன் சொல்லட்டும். நீங்க பின்னாடி சமையல்காரங்களப் பாத்துக்குங்க. வாசல்ல நின்னீங்கன்னா வர்றவங்க எதுனா கிண்டல் பண்ணுவாங்க."

"ஆமாம்மா. சோத்தாண்ட ஒரு ஆளு நிக்கணும் இல்ல" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் நிம்மதியானேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

அண்ணன் பெயரைச் சொல்லி முடித்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மைக் திறந்தது. எங்கள் ஊர் மைக்கில் பேசுகிறவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. கடலில் காற்று எச்சரிக்கையிலிருந்து காணாமல் போன ஆடுவரை எல்லாம் அவர் குரலில்தான் வரும். "மறதி வீட்டுல பேத்திக்குப் பேரு வச்சிட்டாங்க. மறதி வீட்டுல சாப்பாடு. எல்லாரும் வந்து சாப்ட்டுப் போங்க."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் யாரோ "ஏ பச்ச ஒடம்பு, எங்கமே போற?" என்றார்கள். மைக் ரூமில் போய், "சித்தப்பா, தள்ளுங்க" என்றேன்.

"இன்னாம்மா?"

"தள்ளுங்க சொல்றேன்."

தள்ளினார். மைக்கைப் பிடித்துப் பேசினேன். "இது தேனு வீடு. தேனு வீட்டுல சாப்பாடு. எம்பொண்ணுக்கு முழுப் பேரு தேன்மொழி. தேனுனு கூப்புடலாம், தேன்மொழினு கூப்புடலாம். மறதினு சொல்லிகினு வர்றவங்களுக்கு எல போட மாட்டேன்."

அது கரை முழுக்கக் கேட்டது. படகில் இருந்தவர்களுக்கும் கேட்டதாம். என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஊர் முழுக்க வந்து வயிறாரச் சாப்பிட்டது. போகும்போது, "மறதி மருமவளுக்கு வாயி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனது.

நான் பிடித்த பிடியை விடவில்லை. யார் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒரு வீடு இங்கே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். ஒருமுறை சிலிண்டர் கொண்டுவந்த புது ஆள், தெருமுனையில் கேட்டுக்கொண்டு வந்து, "மறதி வூடு இதானேம்மா?" என்றார். "இல்ல" என்றேன். சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. மூன்று நாள் விறகில் சமைத்தேன். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே என் கணவர், "இப்ப சொல்லு, யாருக்கு மறதி? வூட்டுல கேஸ் இல்லன்றத மறந்தது யாரு?" என்றார். நான் கரண்டியைத் தூக்கினேன். மாமனார் மட்டும் சிரித்துக்கொண்டே, "நல்லா கீதும்மா. வெறவு அடுப்புக் கொழம்பு தனி ருசி" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தேனு நடக்கத் தொடங்கினாள், பேசத் தொடங்கினாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தேனுதான். அது ஒட்டிவிட்டது. ஆனால் வீட்டின் பெயர் மாறவில்லை. "தேனு யாரு வூட்டுப் பொண்ணு?" என்று வெளியாள் கேட்டால், "மறதி வூட்டுப் பொண்ணு" என்று பதில் வரும். பாதி வென்றேன், பாதி அப்படியே நின்றது.

அவளுக்கு மூன்று வயது நெருங்கும்போது ஒருநாள், மாமனார் வலை தைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். கையில் இருந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாது?" என்றார். தேனு விளையாட்டென்று நினைத்து, "ஊசி தாத்தா" என்று கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு காலை நாஷ்டா ஆனதா என்று மூன்று முறை கேட்டார். பிறகு போய்ச் சேர்ந்த மாமியாரை எங்கே காணோம் என்று கேட்டார். பொன்னேரிக்கு அழைத்துப் போனோம். வயசானால் வருகிற கோளாறு, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பாது, சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர்.

நான் பயந்தது ஊருக்கு. இனிமேல் கேட்கவே வேண்டாம், கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். என்ன சொன்னால் என்ன திருப்பிச் சொல்வது என்று பட்டியல்கூட மனதில் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் அங்கன்வாடியில் சுண்டல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லை நான் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. டீக்கடையில் "இன்னா மறதி" என்று முதுகில் தட்டுகிறவர்கள் இப்போது, "வா பெரியப்பா, இப்டி குந்து" என்று கையைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள். குழாயடியில் அந்த அம்மா, "உங்க மாமனாரு துன்னாரா?" என்று கேட்கிறாள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. நான் மைக்கைப் பிடுங்கிக் கத்தியும், கதவைச் சாத்தியும், விறகில் வெந்தும் போகாத சொல், அது நிஜமான அன்றைக்கு ஊர் வாயிலிருந்து தானாக இறங்கிவிட்டது. நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. சுண்டல் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

போன வாரம் நான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது மைக் திறந்தது. சித்தப்பா குரல். "தகவல். ம..." என்று ஆரம்பித்து நின்றது. இரைச்சல் மட்டும் கேட்டது. தொண்டையைச் செருமினார். "தேனு வீட்டுத் தாத்தா படகுத் தொறையாண்ட கீறாரு. தேனு வீட்டுக்காரங்க வந்து இட்டுகினு போங்க."

பிள்ளைகள் எல்லாம் தேனுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, "எங்க தாத்தா" என்றாள். ஆயாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

யாருடைய படகிலோ முன்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் பக்கத்தில் சும்மா நின்றிருந்தார்கள். இறங்கச் சொல்லி அவரை அவசரப்படுத்தவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னை யாரென்று நினைத்தாரோ தெரியவில்லை.

"வல ஏத்தியாச்சா?" என்றார்.

தேனுவை இறக்கிவிட்டுக் கிட்டே போனேன்.

"ஒரு தபாவுக்கு ரெண்டு தபா பாரு. வலய ஏத்தாம தள்ளிடாத. கரையில எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

"ஏத்தியாச்சு மாமா. நான் பாத்துட்டேன்" என்றேன்.

"இன்னொரு தபா பாரும்மா."

காலிப் படகுக்குள் குனிந்து பார்த்தேன். "கீது மாமா. நல்லா மடிச்சு வச்சிகீறாங்க." அதைக் கேட்டபிறகுதான் கையைக் கொடுத்து இறங்கினார். இருபத்திரண்டு வயதிலிருந்து இந்த மனிதர் தினமும் இந்தக் கேள்வியோடுதான் கடலுக்குப் போயிருக்கிறார். சிரித்துச் சிரித்து எங்களிடம் மறைத்திருக்கிறார். பழகிப் போகவே இல்லை.

சாயங்காலம் என் கணவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வேறொன்று சொன்னார். இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. பெயர் வைப்பதற்கு முந்தின வாரம் முழுக்க மாமனார் வலை தைக்கும்போது, "தேன்மொழி, தேன்மொழி, தேன்மொழி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "சபையில தடுமாறக் கூடாதுடா. அப்பறம் எம்பேத்திக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கும்" என்றாராம்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நைனாதான் சொல்லாதன்னாரு. அவ பயப்படுறதுல நாயம் கீதுன்னாரு" என்றார்.

அவரும் நானும் ஒரே காரியத்துக்காகத்தான் பயந்திருக்கிறோம். அது தெரியாமல், புது வேட்டியோடு அவரைச் சமையல் புகையில் நிற்கவைத்தேன்.

மறுநாள் காலை குளிப்பாட்டி, அதே வேட்டியைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டேன். கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, தேனுவை அவர் மடியில் வைத்தேன். அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரியாதையாக, புது வீட்டுக்கு வந்தவர் கேட்பதுபோல, "யாரு வூட்டுக் கொழந்தம்மா இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேனு மண்டியிட்டு எழுந்து, அவர் காதில் வாயை வைத்து, "தேனு" என்றாள். அவர் "ஆங்?" என்றார். "தேனு." மறுபடியும் "ஆங்?" என்றார். "தேனு, தாத்தா!" என்று கத்தினாள். மூன்று முறை ஆயிற்று.

"மாமா, இப்ப நீங்க அவ காதுல சொல்லுங்க" என்றேன். "நீங்கதான் சொல்லணும். எங்க அண்ணன் சொன்னது சேராது."

அவர் குனிந்தார். தடுமாறவில்லை. அவள் காதில் மூன்று முறையும் சரியாகச் சொன்னார். "தேன்மொழி" என்று முழுப் பெயரைச் சொன்னார். அதை அந்த நிமிடம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசலில் நின்றிருந்த என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், "யாரு வூட்டுக் கொழந்த இது?" என்று மறுபடி கேட்டார். கேட்கட்டும். தினமும் கேட்கிறார். தினமும் காலையில் பாயைப் போடுகிறேன். அவள் அவர் காதில் சொல்கிறாள், அவர் அவள் காதில் சொல்கிறார், அதற்குப் பிறகுதான் அங்கன்வாடிக்குக் கிளம்புகிறோம்.